முள் சொன்னபடி

மார்ச் மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு, எடை அளவு ஆய்வாளர் ஒருவர் மணிக்கு எழுபத்தெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாலையில் எண்பது வரை போகலாம் என்று பலகை இருந்தது. ஆய்வாளர் எண்பதைத் தொட்டதில்லை; எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்கியதும் இல்லை. அவருக்கு இடப்பக்கத்தில், கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றியபடி, அவருடைய மாமனார் அமர்ந்திருந்தார்.

"மாப்ளே, கொஞ்சம் மெதுவாப் போகலாமே."

"எம்பது வரைக்கும் போகலாம் மாமா. போர்டு இருக்கு."

"போர்டு இருக்கட்டும். என்ஜின் சூடாகற மாதிரி இருக்கு."

"எவ்வளவு சூடு?"

மாமனார் சற்று யோசித்தார். "நிறைய."

"நிறையங்கறது அளவு இல்ல மாமா."

ஆய்வாளர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாகக் கடைத்தெருக்களில் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்து வருபவர் அவர். 'கொஞ்சம்', 'நிறைய', 'ஏறக்குறைய' ஆகிய சொற்களை அவர் வீட்டில் யாரும் துணிந்து பயன்படுத்துவதில்லை. அவருடைய மனைவி, உடம்பு சுடுகிறது என்று சொல்வதானால், வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

கார் மாமனாருடையது. பத்தொன்பது ஆண்டுகள் அதை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டியவர் அவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின், மார்ச் முதல் நாள், சாவியை மருமகனிடம் கொடுத்து ஒரு நிபந்தனையும் விதித்தார்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. என்ஜின் நல்லா இருந்துச்சுன்னா முப்பத்தொண்ணாந்தேதி உங்க பேருக்கு மாத்திடலாம். உங்களுக்கு ஒத்து வரலைன்னா சின்னவன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவன்கிட்ட குடுத்துடறேன்."

சின்னவன் என்பவன் ஆய்வாளரின் மைத்துனன். தன் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டி ஓட்டுபவன். கயிறு எத்தனை அடி என்று கேட்டால் சிரிப்பான். ஆய்வாளரோ பதினாறு ஆண்டுகளாகப் பேருந்தில் நின்றபடியே அலுவலகம் போய் வந்தவர். அவருக்கு இந்தக் கார் வேண்டும். அதற்கு, முப்பத்தொன்றாம் தேதிக்குள் என்ஜின் நன்றாக இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்.

"அதான் ஓடுதே," என்றாள் மனைவி.

"ஓடறது நிரூபணம் இல்ல."

"எண்ணெய் குறைஞ்சா சிவப்பு விளக்கு எரியும்னு அப்பா சொல்லுவாரே. எரியலையே."

"விளக்கு உண்டு, இல்லன்னு ரெண்டுதான் சொல்லும். எவ்வளவுன்னு சொல்லாது."

எவ்வளவு என்று சொல்லும் கருவிகள் இரண்டை ஆய்வாளர் அந்த வாரமே வாங்கினார். ஒன்று ஆயில் பிரஷரைக் காட்டும் மீட்டர். மற்றொன்று ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் காட்டும் மீட்டர். உள்ளங்கை அகல வட்டம், கறுப்பு முகம், வெள்ளை முள். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, அன்று மாலை அவர் வேறெதையும் பார்க்கவில்லை.

எட்டாம் தேதி, சனிக்கிழமை, எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வந்தார். ஸ்டியரிங்குக்கு அருகில் மீட்டர் வைக்க ஓர் அங்குலம்கூட இடமில்லை. இடக்கோடியில், கதவை ஒட்டி, முன் இருக்கைக்காரரின் முழங்காலுக்கு மேலேதான் இடம் இருந்தது.

"அங்க வெச்சா ஓட்டறவருக்குத் தெரியாதே சார்," என்றார் எலக்ட்ரீஷியன்.

"பக்கத்துல இருக்கறவருக்குத் தெரியுமில்ல?"

"அவருக்கு நல்லாத் தெரியும்."

"வைங்க."

அதற்குமேல் நிற்க ஆய்வாளருக்கு நேரமில்லை. அன்று சந்தையில் சோதனை. மாமனார் வண்டிக்கு அருகில் நாற்காலி போட்டு மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி, தன் தராசு பத்து ஆண்டுகளாகச் சரியாகவே நிறுக்கிறது என்று வாதாடினான். அவனிடம் ஆய்வாளர், ஆயிரக்கணக்கானோரிடம் அதற்கு முன் சொன்னதையே சொன்னார்.

"முதல்ல கருவியைச் சோதிக்கணும். அப்புறம்தான் அது சொல்றத நம்பணும். இது உனக்குத் தெரியாதா?"

மாலையில் திரும்பியபோது எலக்ட்ரீஷியன் போய்விட்டிருந்தார். ஆய்வாளர் சாவியை ஒரு சுற்றுத் திருப்பினார். இரண்டு வட்டங்களிலும் பச்சை வெளிச்சம் பரவியது. முட்கள் பூஜ்யத்தில் நின்றன. ஓடாத என்ஜினுக்கு அதுதான் முறை என்பதால் அவருக்கு மனநிறைவு உண்டாயிற்று.

"வேலை எப்படி மாமா?"

"கெட்டியா மாட்டியிருக்கான் மாப்ளே. நானே ஆட்டிப் பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டார். தேதி, நேரம், இடம், வேகம், பிரஷர், வெப்பம், பார்த்தவர் கையெழுத்து. முதல் நான்கையும் அவர் சொல்லுவார்; மற்றவற்றை மாமனார் முள்ளைப் பார்த்து எழுதிக் கையெழுத்திடுவார். மாமனார் நாள்தோறும் காலையில் மருமகனோடு வந்து அலுவலகத்துக்குப் பக்கத்து நூல்நிலையத்தில் அமர்ந்து, மாலையில் அவரோடே திரும்புபவர். ஆதலால் காரில் அந்த இருக்கை ஒருபோதும் காலியாக இருந்ததில்லை.

பத்தாம் தேதி காலை, வேகம் எழுபத்தெட்டை எட்டியதும் ஆய்வாளர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பிரஷர் எங்க நிக்குது மாமா?"

மாமனார் முள்ளை ஒரு முறை பார்த்தார்.

"எங்க நிக்கணும் மாப்ளே?"

"நாப்பது பவுண்டுக்கு மேல இருந்தா நல்லது. இருபதை ஒட்டி வந்தா ஆபத்து. வெப்பம் நூத்துப் பத்தைத் தாண்டக் கூடாது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

ஆய்வாளர் இன்னொரு தடவை சொன்னார். திருமணமான இத்தனை ஆண்டுகளில், தாம் சொன்ன ஒன்றை மாமனார் இவ்வளவு கவனமாகக் கேட்டது இதுவே முதல் முறை என்று அவருக்குத் தோன்றியது.

"இருபத்திரண்டு," என்றார் மாமனார்.

ஆய்வாளரின் கால் தானாகவே மேலே எழுந்தது. வேகம் அறுபதுக்கு வந்தது.

"இப்ப?"

"முப்பது."

வேகம் நாற்பதுக்கு வந்தது.

"நாப்பத்தஞ்சு. இப்ப ரொம்ப நல்லா இருக்கு மாப்ளே. இப்படியே இருக்கட்டும்."

இப்படியே இருந்தது. சாலை திரும்பும் இடத்தில், டீக்கடைக்கு முன்னால் வந்தபோது, மாமனார் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"சூடு நூத்துப் பன்னண்டு."

வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆறுவதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. மாமனார் இறங்கி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். வீட்டில் மகள் அவருக்குச் சர்க்கரை போடுவதில்லை. ஏறி அமர்ந்து முள்ளைப் பார்த்தார். எண்பத்தைந்து.

மூன்றாம் நாளே நோட்டு ஆய்வாளரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வேகம் கூடினால் பிரஷர் குறைந்தது. லாரியை முந்தினால் அதைவிடக் குறைந்தது. ஒலிப்பானை அழுத்தினால்கூட இரண்டு பவுண்டு குறைந்தது. வெப்பமோ டீக்கடைக்கு முன்னால் தவறாமல் நூற்றுப் பன்னிரண்டு. போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. கண்ணுக்குத் தெரியாத மேடு ஏதேனும் இருக்கலாம் என்று கருதிய ஆய்வாளர், பதினாறாம் தேதி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையில் மண்டியிட்டு அளந்தார். சாலை சமதளமாக இருந்தது. கடைக்காரர் ஒரு டீயை ஆற்றியபடி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பெரியவர் வரலையா சார் இன்னிக்கு?"

"இன்னிக்கு லீவு," என்றார் ஆய்வாளர், ரசமட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் நோட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நோட்டைப் படித்தார். பிறகு மறுபடியும் காதை வைத்தார்.

"சத்தம் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நோட்டு நல்லா இல்லையே."

"என்ன கோளாறு?"

"வேகம் ஏறினா பிரஷர் ஏறணும். எந்த வண்டிக்கும் அதான். உங்களுக்கு இறங்குது. இருபது வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல."

"மீட்டரை ஒரு தடவை பாத்துடறீங்களா?"

மெக்கானிக் நிமிர்ந்தார். "கரண்ட் சமாசாரம் நான் தொடறதில்ல சார். எலக்ட்ரீஷியன் என் ஸ்பேனரைத் தொட மாட்டான், நான் அவன் ஒயரைத் தொட மாட்டேன். அப்படித்தான் சண்டையில்லாம ஓடுது. அதுவும் இல்லாம, ஒவ்வொரு வரிக்கும் மாமா கையெழுத்துப் போட்டிருக்காரே."

கையெழுத்திட்ட ஆவணத்தை ஐயுறுவது ஆய்வாளருக்கும் முறையாகப் படவில்லை.

முதலில் கெட்டியான ஆயில் ஊற்றினார்கள். அதுவரை ஒரே திருப்பலில் உயிர்பெற்ற என்ஜின், மறுநாள் குளிர்ந்த காலையில் மூன்று முறை முனகிய பிறகே எழுந்தது. எழுபத்தெட்டில் பிரஷர் இருபத்திரண்டாகவே இருந்தது. பிறகு, ஆயில் தொட்டியின்மேல் காற்றுப் படட்டும் என்று, அடியில் இருந்த தகட்டைக் கழற்றினார்கள். இரண்டாம் நாளே ஒரு கல் தெறித்துத் தொட்டியில் வெடிப்பு விழுந்தது. வீட்டு வாசலில் எண்ணெய் சொட்டியது.

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சொட்டு," என்றார் ஆய்வாளர்.

"அளந்துட்டீங்களா," என்றாள் மனைவி. "பெருக்கறது நான்தானே, அதையும் அளந்து வைங்க. என்னங்க, அப்பா பத்தொன்பது வருஷம் இதே வண்டிய ஓட்டினாரு. ஒரு சொட்டு விழுந்ததில்ல."

"அப்ப மீட்டர் இல்ல. தெரியாம இருந்திருக்கும்."

"தெரியாதது சொட்டாதா?"

இருபத்திரண்டாம் தேதி புதிய தொட்டியும் புதிய ஆயில் பம்பும் போட்டார்கள். மெக்கானிக், வழியில் குறுக்கிட்ட, சுருட்டிக் கட்டியிருந்த இரண்டு ஒயர்களை மரியாதையாக ஒதுக்கிவைத்துவிட்டுத் தம் வேலையைச் செய்தார். திங்கட்கிழமை காலை எழுபத்தெட்டில் பிரஷர் எவ்வளவு என்று கேட்டபோது, மாமனார் கைப்பிடியைப் பற்றியபடி, இருபத்திரண்டு என்றார்.

"புதுப் பம்பும் போட்டாச்சு," என்றார் அன்று பட்டறையில் மெக்கானிக். "இன்னும் இறங்குதுன்னா உள்ள தேஞ்சுபோச்சு. என்ஜினை இறக்கிப் பிரிக்கணும். பிரிச்சா, பழையபடி சேருமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

இருபத்தேழாம் தேதி மாலை, ஆய்வாளர் வீட்டாரைக் கூடத்தில் உட்காரவைத்துத் தம் முடிவைத் தெரிவித்தார். கண்ணில் நீர் இல்லை. ஆனால் நோட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"மாமா, இந்த வண்டி எனக்கு வேண்டாம். வேணும்னுதான் இருந்தேன். ஆனா தேஞ்ச என்ஜினை எம் பேருக்கு மாத்திக்கறதும் சரியில்ல, தெரிஞ்சே சின்னவன் தலையில கட்டறதும் சரியில்ல. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

மாமனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழைய இரும்புக்கா?"

"நோட்டு அப்படிச் சொல்லுது."

"நோட்டுல ஏதாவது தப்பு இருக்கும் மாப்ளே."

"உங்க கையெழுத்து மாமா. நீங்க தப்பா எழுதுவீங்களா?"

மாமனார் டம்ளரை எடுக்காமலே எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் காலை, வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருந்தபோது, அவரே பேச்சைத் தொடங்கினார்.

"மாப்ளே. இன்னிக்கு வேணும்னா, கொஞ்சம் வேகமாப் போய்ப் பாருங்களேன்."

ஆய்வாளர் தம் காதை நம்பவில்லை. மெல்ல அழுத்தினார்.

"அறுபது. பிரஷர்?"

"அம்பது."

"எழுவது."

"அறுவது. நல்லா ஏறுது."

"எழுவத்தெட்டு."

"எழுவது மாப்ளே. எழுவத்தஞ்சு." மாமனாரின் குரல் நடுங்கியது. மகிழ்ச்சியால் நடுங்குகிறது என்று ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். முன்னால் ஒரு லாரி போயிற்று. அதை முந்தினார். "எம்பது," என்று மாமனார் முனகினார். "எம்பது, ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு, பாத்துப் போங்க." டீக்கடை வந்தது, போயிற்று. முதன்முறையாக அதன் முன்னால் வெப்பம் ஏறவில்லை. அன்றைய பக்கத்தில் எழுத்துகள் எல்லாம் கோணலாக இருந்தன. ஆயினும் எண்பது என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஆய்வாளர் நேரே மெக்கானிக்கிடம் போய் நோட்டை விரித்தார். வாழ்த்தை எதிர்பார்த்தார். மெக்கானிக் ஒரு முறை படித்துவிட்டு, வண்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"நேத்து வரைக்கும் இருபத்திரண்டு. இன்னிக்கு எம்பதா?"

"ஆமா. சரியாயிடுச்சு."

"சரியாகல சார். எங்கயோ அடைச்சுக்கிட்டிருக்கு. எந்த நேரமும் பிச்சுக்கும். சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் பஸ்ல போங்க."

முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, பட்டறையில் காரின் மூக்குக்கு மேல் சங்கிலி தொங்கியது. பெயர் மாற்றும் படிவம் ஆய்வாளரின் பையில் நிரப்பப்படாமல் கிடந்தது. மாமனார் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கத்தில் இருந்தார். மெக்கானிக் நான்கு போல்ட்டுகளை அவிழ்த்து, ஐந்தாவதில் ஸ்பேனரை வைத்தார்.

"மாப்ளே," என்றார் மாமனார், தாளுக்குப் பின்னாலிருந்து. "ஒரு விஷயம்."

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணுமில்ல. நிதானமாப் பிரிக்கச் சொல்லுங்க."

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. எலக்ட்ரீஷியன் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை எடுத்தபடி உள்ளே வந்தார்.

"வீட்டுக்குப் போனேன் சார். அக்கா இங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க. கோவிச்சுக்காதீங்க, கடைக்காரன் மூணு வாரம் இழுத்தடிச்சுட்டான்."

பொட்டலத்தைப் பிரித்தார். கட்டைவிரல் அளவில் இரண்டு பித்தளைத் துண்டுகள் இருந்தன.

"என்ன இது?" என்றார் ஆய்வாளர்.

"ஜாயின்ட் சார். இத என்ஜின்ல மாட்டி ஒயரைச் சேத்தாத்தானே மீட்டர் வேலை செய்யும். அதுவரைக்கும் வெளிச்சம் மட்டும்தான் வரும், முள்ளு பூஜ்யத்தை விட்டு நகராதுன்னு பெரியவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டுத்தானே போனேன்."

ஐந்தாவது போல்ட்டில் ஸ்பேனர் நின்றது. ஆய்வாளர் நோட்டைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கு வரிகள். இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள். ஒவ்வொன்றையும் அவர் பார்க்கவில்லை. முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு மூடினார்.

"மாமா."

மாமனார் செய்தித்தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, மடிமேல் வைத்துக்கொண்டார்.

"மெதுவாப் போங்கன்னு முதல்ல வாயாலதான் மாப்ளே சொன்னேன். அது அளவு இல்லன்னீங்க. அதான் அளவு சொன்னேன்."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மட்டும், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, சத்தம் நல்லாத்தான் இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது வருமாறு. என்ஜினை இறக்குவதில்லை. அவிழ்த்த நான்கு போல்ட்டுகளையும் முடுக்கி, கழற்றிய தகட்டை மாட்டி, பழைய வகை ஆயிலையே ஊற்றுவது. பித்தளை ஜாயின்டுகளை அன்றே பொருத்தி, மீட்டர்களை, ரேடியோவைக் கழற்றியாவது, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மாற்றுவது. படிவத்தை ஆய்வாளர் நிரப்பினார், மாமனார் கையெழுத்திட்டார், கார் மருமகன் பெயருக்கு வந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் ஆய்வாளர், 'கருவி சோதிக்கப்படவில்லை' என்று எழுதி, தேதியிட்டு, அதற்கு மட்டும் தாமே கையெழுத்திட்டார்.

ஏப்ரல் முதல் நாள் காலை எட்டு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு, டீக்கடைக்கு முன்னால், பிரஷர் ஐம்பத்திரண்டு பவுண்டு, வெப்பம் எண்பத்தாறு, வேகம் நாற்பது. மூன்றையும் ஆய்வாளர் தம் கண்ணாலேயே பார்த்தார். பார்த்துவிட்டு, மாமனாரின் டீக்காக வண்டியை ஓரமாக நிறுத்தினார்.